உறங்கும் வெங்காயம்



குசினி மூலையில் வைத்த வெங்காயம் பச்சை முளை விட்டிருப்பதைக் கண்டு எத்தனை தடவை அலுத்திருப்பீர்கள்! ஆனால், இத்தனை நாளும் அது ஏன் முளைக்காமல் கிடந்தது என்று யோசித்ததுண்டா?

கற்பிட்டி மணல் தோட்டங்களில் விளையும் சின்ன வெங்காயத்தை அறியாதவர் இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இக்கரைக்கு வந்த நம் சகோதரிகள் பலருக்கு, அத்தோட்டங்களில் கிடைத்த கூலியே அடுப்பெரிய வழியானது. அந்த வியர்வையின் விளைச்சல் வீணாகலாமா?

வெங்காயம் பறித்த கையோடு உறங்கத் தொடங்குகிறது. தாள் சாய்ந்து காயும்போது, வளர்ச்சியைத் தடுக்கும் சுரப்புகள் இலையிலிருந்து குமிழுக்குள் இறங்குகின்றன. அவற்றில் முக்கியமானது அப்சிசிக் அமிலம். நாள் செல்லச் செல்ல அது குறைந்து, கிபரெலின், சைட்டோகைனின் போன்ற வளர்ச்சிச் சுரப்புகள் கூடும். அப்போது உள்ளே கிடக்கும் குருத்து விழித்துக்கொள்கிறது.

இதனால்தான் தாள் பச்சையாக இருக்கும்போதே அறுத்த வெங்காயம் சீக்கிரம் முளைக்கிறது. விதை வெங்காயத்தைப் பறித்தவுடன் நட்டால் சீராக முளைக்காததும் இந்த உறக்கத்தால்தான். சில கிழமைகள் காயவிட்டே நட வேண்டும்.

வெப்பத்துக்கும் இதில் பங்குண்டு. 10 முதல் 20 பாகை வரையிலான குளிர்ச்சியே வெங்காயத்தை விரைவாக எழுப்பும். 25 பாகைக்கு மேலே உறக்கம் நீடிக்கும். ஆகவே நம் கரையோர வெயில் வெங்காயத்துக்குப் பகையல்ல, ஈரமே பகை. மாரிக் காலத்தில் காற்றுப் படாத சாக்கில் கட்டி வைத்தால் வேர் விடும், அழுகும். குளிர்சாதனப் பெட்டியும் உகந்ததல்ல. அங்கே ஈரம் பிடிக்கும். வெளியே எடுத்ததும் முளை விரைந்து வரும்.

செய்ய வேண்டியவை இவைதாம்:

தாளோடு வாங்கினால் தாளை வெட்டாமல் நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். பிடிபிடியாகக் கட்டிக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். கழுத்துத் தடித்தவற்றையும் காயம்பட்டவற்றையும் முதலில் சமையுங்கள். உருளைக்கிழங்கோடு சேர்த்து வைக்காதீர்கள். அதன் ஈரம் வெங்காயத்தைக் கெடுக்கும். முளைத்துவிட்டாலும் எறியாதீர்கள். அழுகாதிருந்தால் முளையையும் சேர்த்தே கறிக்குப் போடலாம். சட்டியில் நட்டால் வெங்காயத்தாள் கிடைக்கும்.

மூஸா நபியிடம் பனூ இஸ்ராயீலர் கேட்ட உணவுகளில் ஒன்றாக வெங்காயத்தை அல்குர்ஆன் (2:61) குறிப்பிடுகிறது. அச்சிறு குமிழுக்குள்ளும் உறங்கவும் விழிக்கவும் நேரம் குறித்து வைத்தான் வல்ல நாயன். அவன் தந்த ரிஸ்க்கை வீணாக்காமல் காப்பது நம் பொறுப்பல்லவா?