துடுப்புப் பிடிக்கப் பழகுவோர்க்கு ஏற்ற ஓடம் எது?

எங்கள் பிள்ளையார்பட்டியில் கோயில் குளம் உண்டு, ஓடம் இல்லை. செட்டிநாட்டுக் கண்மாய்கள் மழையில் நிறையும், கோடையில் வெடித்துக் கிடக்கும். இருந்தும் நாங்கள் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஒகேனக்கல், பிச்சாவரம் என்று சுற்றுலா செல்லும் நம் மாணவியருள் பலருக்கு நீந்தத் தெரியாது. எதில் ஏறுகிறோம், அது நீரில் எப்படி நடந்துகொள்ளும் என்று அறிந்திருப்பது நல்லதல்லவா?

முதலில் பரிசல். மூங்கில் பிளாச்சுகளைக் கூடைபோல் முடைந்து, அதன் அடியில் முற்காலத்தில் தோலைப் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் தாளைப் போர்த்தித் தார் பூசுகிறார்கள். வட்டமான இதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அடி தட்டையாக அகன்றிருப்பதால் பாறை நிறைந்த ஆழமற்ற ஆற்றிலும் மிதந்து செல்லும். ஆனால் ஒரு பக்கமாகத் துடுப்புப் போட்டால் பம்பரம்போல் சுழலும்! பரிசல்காரர் துடுப்பை முன்புறம் நீரில் இட்டுத் தம்மை நோக்கி இழுப்பது இதனால்தான். பார்க்க எளிது, பழகக் கடினம். அதில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே ஓரத்துக்கு நகர்ந்துவிட்டால் பரிசலும் கவிழும்.

அடுத்தது, ஆங்கிலத்துக்குத் தன் பெயரையே கொடுத்த நம் கட்டுமரம். இலேசான மரங்களைக் கயிற்றால் பிணைத்தது. உள்ளே குழி இல்லாததால் தண்ணீர் நிரம்பி மூழ்கும் பேச்சே இல்லை. வந்த அலை மர இடுக்குகளின் வழியே போய்விடும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயவைப்பார்கள். ஆயினும் பிடித்துக்கொள்ளப் பக்கச் சுவர் கிடையாது. இது கடலிலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு உரியது, நமக்கன்று. இன்று பல கரைகளில் கண்ணாடியிழைப் படகுகள் இதன் இடத்தைப் பிடித்துவிட்டன.

ஒற்றை மரத்தைக் குடைந்த ஓடம் குறுகலாக நீண்டிருக்கும். நேராகவும் விரைவாகவும் செல்லும், ஆனால் சற்றே சாய்ந்தாலும் உருளப் பார்க்கும். இலங்கை மீனவர் இதற்கு ஓர் உபாயத்தைக் கையாண்டனர். ஓடத்தின் ஒரு பக்கத்தில் இரண்டு கழிகளை நீட்டி, அவற்றின் முனையில் ஒரு மிதவைக் கட்டையைக் கட்டினர். ஓடம் அந்தப் பக்கம் சாய்ந்தால் கட்டை மிதந்து தாங்கும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் தன் எடையால் இழுத்து நிறுத்தும். எவ்வளவு எளிய அறிவியல்!

இவற்றிலிருந்து ஒன்று புலப்படுகிறது. அகலம் கூடினால் உறுதி கூடும், வேகம் குறையும். நீளம் கூடினால் நேராகச் செல்லும், திருப்புவது சிரமம். கேரளத்துச் சுண்டன் வள்ளத்தைத் திருப்பவே பின்புறத்தில் தனி ஆட்கள் நிற்கிறார்கள்!

ஆகவே, புதியவருக்கு எங்கள் தேர்வு, அகன்ற தட்டை அடியுள்ள சிறிய கண்ணாடியிழை ஓடம். அதுவும் அலையில்லாத நீரில், பயிற்சியாளருடன். உயிர்காப்புச் சட்டையை ஏறுமுன்பே அணிந்துகொள்ள வேண்டும். இரு ஓரங்களையும் பிடித்துக்கொண்டு, காலை நடுவில் வைத்து, உடனே உட்கார்ந்துவிட வேண்டும். வலப்பக்கம் துடுப்புப் போட்டால் ஓடம் இடப்பக்கம் திரும்பும். இருவர் சென்றால் ஆளுக்கொரு பக்கமாக ஒரே தாளத்தில் போட வேண்டும். பின்னால் இருப்பவரே திசையைப் பார்த்துக்கொள்வார்.