இசைத்தட்டு உறையும் இசைப் பண்பாடும்: புளூ நோட் வடிவமைப்புகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இசைத்தட்டின் உறை, தட்டைக் காக்கும் பொதி மட்டுமன்று. உள்ளிருக்கும் இசையை எவ்வாறு மதித்தல் வேண்டும் என்பதைக் கேட்போருக்கு உணர்த்தும் பனுவலுமாகும். 1950களின் நடுப்பகுதி முதல் 1967 வரை நியூயார்க்கின் புளூ நோட் நிறுவனம் வெளியிட்ட ஜாஸ் இசைத்தட்டு உறைகளைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இசைத்தட்டு உறை, வரைகலை வடிவமைப்பு, ஜாஸ், எழுத்தமைப்பு, ஒளிப்படம்.

முன்னுரை

நூலுக்குப் பாயிரம் அமைவதுபோல இசைத்தட்டுக்கு உறை அமைகிறது. தொடக்கத்தில் இசைத்தட்டுகள் பெரும்பாலும் அணியற்ற தாள் உறைகளிலேயே விற்கப்பட்டன. 1940இல் கொலம்பியா நிறுவனத்தில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் ஓவிய உறைகளை அறிமுகப்படுத்தினார். 1948இல் அந்நிறுவனம் வெளியிட்ட நெடுநேர இசைத்தட்டு பரவலானபின், ஏறத்தாழ 30 செ.மீ. சதுரப் பரப்பு வடிவமைப்பாளரின் களமாயிற்று.

நிறுவனப் பின்னணி

பெர்லினிலிருந்து புலம்பெயர்ந்த ஆல்ஃபிரட் லயன் 1939இல் தொடங்கிய நிறுவனம் புளூ நோட். அவருடைய நண்பர் பிரான்சிஸ் உல்ஃப் அதில் இணைந்து, ஒலிப்பதிவு அமர்வுகளை ஒளிப்படமாக்கினார். அப்படங்களைக் கொண்டு ரீட் மைல்ஸ் ஏறத்தாழ 500 உறைகளை வடிவமைத்தார். பொருட்செலவைக் குறைக்க வேண்டிய சிறு நிறுவனமாதலால், கறுப்பு வெள்ளைப் படமும் ஓரிரு வண்ணங்களுமே பல உறைகளுக்குப் பயன்பட்டன. அச்சிக்கனமே பின்னர் அந்நிறுவனத்தின் தனி அடையாளமாயிற்று.

படம் கூறும் மதிப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கப் பாடல் அச்சுத்தாள்களின் முகப்புகளில் கறுப்பின மக்கள் கேலிச்சித்திரங்களாகவே பெரிதும் காட்டப்பட்டனர். இப்பின்னணியில் நோக்கும்போதுதான் உல்ஃபின் படங்களது பொருள் புலப்படும். 1957இல் ஒலிப்பதிவான ஜான் கோல்ட்ரேனின் ‘புளூ டிரெயின்’ உறையில் அவர் வாசிக்கவில்லை. பார்ப்போரை நோக்கிச் சிரிக்கவுமில்லை. விரல் உதட்டருகே இருக்க, நீலச் சாயலில் சிந்தனையில் ஆழ்ந்திருக்கிறார். மகிழ்விப்பவர் என்னும் நிலையிலிருந்து படைப்பாளர் என்னும் நிலைக்குக் கலைஞரை இப்படம் உயர்த்துகிறது.

எழுத்தே உருவமாதல்

1964இல் ஒலிப்பதிவான ஜாக்கி மெக்லீனின் ‘இட்ஸ் டைம்!’ உறையை உணர்ச்சிக்குறிகள் வரிசை வரிசையாக நிரப்புகின்றன. கலைஞரின் படம் சிறிதாகவே இடம்பெறுகிறது. அதே ஆண்டில் ஒலிப்பதிவான ஜோ ஹென்டர்சனின் ‘இன் அன்ட் அவுட்’ உறையில் ‘ஐ’ என்னும் ஆங்கில எழுத்தின் புள்ளிக்குள் அவர் முகம் அமைகிறது. இங்கு எழுத்து பெயரைத் தெரிவிப்பதோடு அமையாது, தானே காட்சியுருவாகவும் நிற்கிறது. ஒரே குறி மீண்டும் மீண்டும் வருவதைத் தாளத்தோடு ஒப்பிடத் தோன்றுவது இயல்பே.

வாசிப்பின் எல்லை

எனினும் அவ்வொப்பீட்டை ஆய்வு முடிபாகக் கொள்வதில் இடர் உண்டு. மைல்ஸ் ஜாஸ் ஆர்வலர் அல்லர். மேற்கத்தியச் செவ்வியல் இசையையே விரும்பினார். இசைத்தட்டின் இயல்பையும் உணர்வையும் லயன் விளக்க, அதனடிப்படையில் வடிவமைத்தார். ஆகவே உறையை இசையின் நேரடிப் பெயர்ப்பாகக் கொள்ள இயலாது. அது தயாரிப்பாளரின் விளக்கம், ஒளிப்படக்காரரின் பார்வை, வடிவமைப்பாளரின் எழுத்துத்திறன், அச்சுச்செலவு ஆகியவை கூடி உருவான பொருள்கோள். இசைத்த கலைஞர்களுள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அவர்களது தோற்றத்தை வகுத்த மூவரும் வெள்ளையர். மதிப்பை வழங்கிய இவ்வுறைகளிலும் அம்மதிப்பின் வடிவத்தை முடிவு செய்தோர் பிறரே என்பது கருதத்தக்கது.

முடிவுரை

இசைத்தட்டு உறை, இசை எவ்வாறு ஒலித்தது என்பதற்குச் சான்றாகாது. அது எவ்வாறு கேட்கப்பட வேண்டும் எனக் கருதப்பட்டது என்பதற்கே சான்றாகும். இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண்பதே உறைகளை ஆவணமாகக் கொள்ளும் இசைப் பண்பாட்டாய்வின் முதற்படியாகும். நூலகங்களும் ஆவணக்காப்பகங்களும் ஒலியை மட்டும் மின்வடிவாக்கி உறையைக் கைவிடின், இரண்டாம் சான்று முற்றாக அழியும்.