யானைக் குடும்பம்
கருங்கல் புடைப்புச் சிற்பம்
பல்லவர் காலம், கி.பி. 7ஆம் நூற்றாண்டு
மாமல்லபுரம்

இந்த யானைகள் இடம்பெறும், அர்ச்சுனன் தபசு என்று வழங்கும் பாறைச் சிற்பத் தொகுதி ஏறத்தாழ 29 மீட்டர் அகலமும் 13 மீட்டர் உயரமும் உடையது. 1984 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் அடங்கும். தேவர்கள், முனிவர்கள், வேடர்கள், விலங்குகள் என ஓர் உலகமே நடுவிலுள்ள பிளவை நோக்கித் திரண்டு வருகிறது. அப்பிளவில் நாகர்களின் உருவங்களைக் காணலாம்.

பிளவுக்கு வலப்புறம், அடிப்பகுதியில் யானைகள் நிற்கின்றன. முன்னால் இருப்பது கொம்பன். அதன் பின்னால் பிடி. கொம்பனின் வயிற்றடியிலும் கால்களுக்கருகிலும் கன்றுகள். பெரிய யானைகள் இரண்டும் ஏறக்குறைய உயிருள்ள யானையின் அளவு கொண்டவை. நெற்றி மேட்டையும், தளர்ந்து தொங்கும் தும்பிக்கையையும், தூண் போன்ற கால்களையும் சற்று நின்று பாருங்கள். மேலே தேவர்கள் எடையின்றிப் பறக்க, இவை தம் முழுப் பாரத்தோடு மண்ணில் ஊன்றி நிற்கின்றன.

காட்டில், முழுமையாக வளர்ந்த ஆண் யானை பெரும்பாலும் தனித்தே திரியும். கன்றுகள் முதிய பிடி வழிநடத்தும் கூட்டத்தில் வளரும். கொம்பனையும் கன்றுகளோடு சேர்த்து நிறுத்தியது சிற்பியின் கற்பனை.

யானைகளோடு நின்றுவிட வேண்டாம். கொம்பனின் தந்தத்துக்குக் கீழே ஒரு பூனை, பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்னங்கால்களை உயர்த்தித் தவம் செய்கிறது. தொகுதியின் மேற்பகுதியில் தவமிருக்கும் துறவியின் அதே நிலை! இந்தப் போலித் துறவியை நம்பி எலிகளும் அருகில் கூடிவிட்டன.