வீட்டுக்கொரு சேமிப்பகம் – 9: மதகு வழியே ஒரு திரை

பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் வீட்டு பீரோவுக்குப் பக்கத்தில், சுவரில் அடித்த பலகையின் மேல் எங்கள் சேமிப்பகப் பெட்டி இருக்கிறது. சென்ற வாரம் அதன் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளை, ஒன்றில் இருப்பது மற்றதிலும் இருக்கும்படி இணைத்தோம். மின்சாரம் போனால் யுபிஎஸ் சொல்வதைக் கேட்டு அது தானே ஒழுங்காக அணைந்துகொள்ளவும் வழி செய்தோம். பெட்டிக்கு மானிட்டர் இல்லை, கீபோர்டு இல்லை. அவற்றை வைக்க வீட்டில் இடமும் இல்லை. இப்போதைக்கு அதில் இருப்பவை அம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து ஸ்கேன் செய்த 400 பழைய புகைப்படங்கள்.

1809-இல் பெங்களூரில் கன்டோன்மென்ட் அமைந்த பிறகு, தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் பிழைப்புத் தேடி இங்கே வந்தன. எங்கள் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வந்தவர். எங்களைப் போன்ற குடும்பங்களின் வரலாற்றை யாரும் புத்தகமாக எழுதி வைக்கவில்லை. அது டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. படத்தில் இருப்பவர்களின் பெயர் தெரிந்த பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே அதை எழுதி வைத்துவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்தப் பெயர்கள் தெரிந்தவர் வாணியம்பாடிச் சித்தி. முன்பு ஒருமுறை ஒரு கூட்டப் படத்தை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பின்வரிசை முகங்கள் மங்கிப்போயிருந்தன. "ஒண்ணும் தெரியல கண்ணு" என்றார். வழியில் படம் சுருங்கிவிட்டிருந்தது.

சுருக்காமல் முழுப் படங்களையே அனுப்பலாமே, லேப்டாப்பில் எடுத்துத் திருத்தலாமே என்றால், கணக்கு இடிக்கிறது. நான்குக்கு ஆறு அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் ஒரு படமே சுமார் 26 மெகாபைட். 400 படங்கள் பத்து ஜிபியைத் தாண்டும். நொடிக்கு 5 மெகாபைட் வேகம் கிடைத்தாலும், வைஃபை வழியே அத்தனையையும் லேப்டாப்புக்கு இழுக்க அரைமணி நேரத்துக்கு மேலாகும். திருத்திய பிறகு திரும்ப ஏற்ற இன்னொரு அரைமணி. நடுவில் இணைப்பு அறுந்தால் எது திருத்தியது, எது திருத்தாதது என்று தேட வேண்டும்.

இதற்கு நேரான வழி, சரக்கைத் தூக்கிக்கொண்டு அலையாமல் சரக்கு இருக்கும் இடத்துக்கே வேலையைக் கொண்டுபோவது. சேமிப்பகத்துக்குள்ளேயே ஒரு டெஸ்க்டாப்பை ஓடவிட்டு, அதன் திரையை மட்டும் லேப்டாப்பில் பார்க்கலாம். மவுஸை இங்கே நகர்த்தினால் அம்புக்குறி அங்கே நகரும். படம் பெட்டியை விட்டு வெளியே வருவதில்லை.

இந்த முறைக்கு விஎன்சி என்று பெயர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஆலிவெட்டி ஆய்வகத்தில் உருவாகி, 1998-இல் உலகுக்கு அறிமுகமானது. மூலநிரலையும் எல்லோருக்கும் கொடுத்தார்கள். அந்தக் குழுவில் ஒருவர் குவென்டின் ஸ்டாஃபர்ட்-ஃப்ரேசர். 1991-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தின் காபிப் பானைக்கு எதிரே கேமரா வைத்து, காபி இருக்கிறதா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க வழி செய்தவர்களிலும் அவர் ஒருவர்.

விஎன்சி வேலை செய்யும் விதம் எளிமையானது. மானிட்டர் இல்லாத பெட்டியில், நினைவகத்துக்குள்ளேயே ஒரு கற்பனைத் திரை விரிகிறது. அதில் எந்தக் கட்டம் மாறியதோ, அந்தக் கட்டத்தின் புள்ளிகள் மட்டும் சுருக்கப்பட்டு நம்மிடம் வருகின்றன. மெனுவைத் திறந்தால் மெனு அளவுள்ள கட்டம்தான் வரும். அதனால்தான் பத்து வருடப் பழைய லேப்டாப்பும் இதற்குப் போதும்.

முதல் முயற்சியில் நான் செய்த தவறை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். எல்லா வசதியும் கொண்ட ஒரு பெரிய டெஸ்க்டாப்பை சேமிப்பகத்தின் இயங்குதளத்தின் மேல் நேரடியாக நிறுவினேன். அன்று மாலை எல்லாம் அழகாக ஓடியது. இரவு எடுக்க வேண்டிய பேக்கப் மட்டும் ஓடவில்லை. 20 நிமிடம் யாரும் தொடாவிட்டால் இயந்திரத்தைத் தூங்க வைப்பது அந்த டெஸ்க்டாப்பின் வழக்கம். லேப்டாப்புக்கு அது நல்ல குணம். இரவு முழுக்க விழித்திருக்க வேண்டிய காவல்காரனுக்கு அது ஆகாது. கூடவே வந்த நெட்வொர்க் மென்பொருள், பெட்டியின் முகவரி அமைப்பிலும் கை வைத்திருந்தது. ஓப்பன்மீடியாவால்ட் போன்ற சேமிப்பக இயங்குதளங்கள் தம்மேல் டெஸ்க்டாப்பை நிறுவ வேண்டாம் என்று சொல்வதன் காரணம் அன்றுதான் புரிந்தது.

அதனால் டெஸ்க்டாப்பை ஒரு கன்டெய்னருக்குள் வையுங்கள். வீட்டுக்குள் ஒரு தனி அறை போன்றது அது. உள்ளே என்ன கலைந்தாலும் வீடு கலையாது. எக்ஸ்எஃப்சிஇ போன்ற எடை குறைந்த டெஸ்க்டாப் போதும். என் பெட்டியின் 8 ஜிபி நினைவகத்தில் 2 ஜிபிக்கு மேல் எடுக்கக் கூடாது என்று அதற்கு வரம்பு போட்டிருக்கிறேன். மூலப் படங்கள் உள்ள ஃபோல்டரைப் படிக்க மட்டும் திறந்துவிட்டு, திருத்திய படங்களுக்குத் தனி ஃபோல்டர் கொடுத்திருக்கிறேன். கை தவறினாலும் மூலம் அழியாது.

புதிய டெஸ்க்டாப்பில் தமிழ் முதலில் வெறும் கட்டங்களாகத் தெரியும். கன்டெய்னருக்குள் தமிழ் எழுத்துரு இல்லை என்பதுதான் காரணம். நோட்டோ அல்லது லோகித் தமிழ் எழுத்துருவை நிறுவினால் சரியாகிவிடும். தட்டச்சு செய்ய ஐபஸ் மென்பொருளில் தமிழ்99-ஐச் சேர்த்துக்கொள்ளலாம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் வழியே வந்த விசைப்பலகை அது. தாத்தாவின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி வைக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

இனி பாதுகாப்பு. அதை எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களிலிருந்தே தொடங்கலாம். பொம்மசந்திரா, சிங்கசந்திரா, நீலசந்திரா என்ற ஊர்ப் பெயர்களின் முடிவில் வரும் 'சந்திரா', 'சமுத்திரம்' தேய்ந்து வந்த சொல். அம்பாசமுத்திரத்தில் இருப்பதும் அதே சொல்தான். பெரிய ஏரியைச் சமுத்திரம் என்றார்கள். ஏரி வைத்தவர்களுக்குத் தெரியும்: வயலுக்குத் தண்ணீர் வேண்டுமென்று யாரும் கரையை வெட்டுவதில்லை, மதகைத் திறப்பார்கள்.

வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்று ரௌட்டரில் விஎன்சியின் 5900 போர்ட்டைத் திறந்துவிடுவது கரையை வெட்டுவதுதான். பழைய விஎன்சி முறையில் கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துகள் மட்டுமே கணக்கில் வரும். திரையில் தெரிவதும் பூட்டில்லாமலே பயணிக்கும். இணையத்துக்கு நேரடியாகத் திறந்த சேமிப்பகங்களுக்கு என்ன நேரும் என்பதையும் உலகம் பார்த்துவிட்டது. 2021 ஏப்ரலில் க்யூலாக்கர் என்ற தாக்குதல், க்யூநாப் சேமிப்பகங்களில் இருந்த கோப்புகளைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டி, திறக்க 0.01 பிட்காயின் கேட்டது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற இன்னொன்று 0.03 பிட்காயின் கேட்டது. பூட்டப்பட்டவற்றில் எத்தனையோ வீடுகளின் படங்கள் இருந்திருக்கும்.

மதகு இரண்டு வகை. வீட்டுக்குள் என்றால் எஸ்எஸ்எச் சுரங்கம் போதும். விஎன்சி தன் பெட்டிக்குள் மட்டுமே காது கொடுக்கும்படி அமைத்துவிட்டு, எஸ்எஸ்எச் சாவி உள்ளவரை மட்டும் அதுவரை போகவிட வேண்டும். வெளியூர் என்றால் வயர்கார்ட். 2020 மார்ச்சில் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்ட விபிஎன் அது. சரியான சாவி இல்லாமல் தட்டுபவருக்கு அது பதிலே சொல்லாது. பல வீட்டு இணைப்புகளில் ஒரே பொது முகவரியைப் பல சந்தாதாரர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். அப்படியானால் வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது. நான் தனிப் பொது முகவரி கேட்டு, அதற்கென்று மாதாமாதம் பணம் கட்டுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி மகனின் லேப்டாப்பில் வயர்கார்ட் சாவியைப் போட்டுக் கொடுத்தேன். விஎன்சியில் 'பார்க்க மட்டும்' என்று இரண்டாவது கடவுச்சொல் வைக்க முடியும். அதை அவனுக்குக் கொடுத்தேன். ஒரே திரை வாணியம்பாடியிலும் நீலசந்திராவிலும் ஒன்றாகத் திறந்தது. சித்தி போனில் பேச, நான் அதே கூட்டப் படத்தைத் திறந்தேன். முன்வரிசையில் தலைப்பாகை கட்டியவரைத்தான் தாத்தா என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"அது உங்க தாத்தா இல்ல கண்ணு. அவரோட பெரியப்பா மவன். பின்னாடி, ஜன்னல் ஓரமா ஒருத்தர் நிக்கிறாரு பாரு, அவரைப் பெருசாக்கு."

பெரிதாக்கினேன். 26 மெகாபைட் மூலப் படம் என் பலகையின் மேலேயே இருந்தது. பெரிதாகித் திரையில் தெரிந்த ஜன்னல் ஓரத்தின் புள்ளிகள் மட்டும் இரண்டு ஊருக்கும் போயின. மெல்லிய மீசையோடு ஒரு பையனின் முகம் தெளிந்தது.

"அவருதான்" என்றார் சித்தி. பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

படத்தின் குறிப்பில் தாத்தாவின் பெயரைத் தமிழில் எழுதினேன். அடையாளம் காட்டியவர் என்று சித்தியின் பெயரையும் சேர்த்தேன். வேலை முடிந்ததும் கன்டெய்னரை நிறுத்தினேன். தேவை தீர்ந்தால் மதகை மூடிவிட வேண்டும்.

மீதம் 399 படங்கள் இருக்கின்றன. ஞாயிறுதோறும் சித்தியோடு உட்காரப் போகிறேன்.

(அடுத்த வாரம்: இரண்டு டிஸ்க்கும் ஒரே வீட்டில்தானே இருக்கின்றன? வெளியூரில் இன்னொரு பிரதி)