கல்லா? மீனா?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள் செடிகளுக்கு இடையே பார்த்துத்தான் கால் வைப்பார்கள். அங்கே பாம்போ அட்டையோ மறைந்திருக்கலாம். இதே எச்சரிக்கை கடலோரத்திலும் தேவை. கேமரன் மலை பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் உள்ளது. அதே மாநிலத்தைச் சேர்ந்த தியோமான் தீவோ கிழக்கே தென்சீனக் கடலில் உள்ளது. விடுமுறையில் மலையிலிருந்து இறங்கிக் கடலுக்குச் செல்வோர் அறிந்திருக்க வேண்டிய உயிரினம் ஒன்று உண்டு. அதுதான் கல்மீன்.

கல்மீன் இந்தியப் பெருங்கடலிலும் மேற்குப் பசிபிக் கடலிலும் வாழ்கிறது. மலேசியா, இலங்கை, தமிழ்நாடு ஆகியவற்றின் கடலோரங்களிலும் இதனைக் காணலாம். ஆழமில்லாத நீரில், பாறைகளுக்கும் பவளத் துண்டுகளுக்கும் இடையே அசையாமல் கிடக்கும். ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நீளமுள்ள இம்மீன், சிறு மீனோ இறாலோ அருகில் வந்தால் கண் இமைக்கும் நேரத்திற்குள் விழுங்கிவிடும்.

இதனை அடையாளம் காண்பது எளிதன்று. நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. பழுப்பு, சாம்பல், செம்மஞ்சள் எனச் சுற்றுப்புறத்திற்கேற்ப நிறம் வேறுபடும். எனவே, உடலமைப்பை உற்று நோக்க வேண்டும். தோலில் செதில்கள் இல்லை, மருக்கள் நிறைந்திருக்கும். அதன்மேல் பாசியும் படர்ந்திருக்கலாம். வாய் மேல்நோக்கித் திறக்கும். கண்கள் மிகச் சிறியவை. மார்புத் துடுப்புகள் விசிறிபோல் அகன்றிருக்கும்.

கல்மீன் யாரையும் தேடி வந்து தாக்குவதில்லை. அதன் முதுகில் உள்ள 13 கூரிய முட்கள் தற்காப்புக்கு மட்டுமே. ஒவ்வொரு முள்ளின் இரு பக்கமும் நச்சுப்பைகள் உள்ளன. மிதிப்பவரின் எடை அழுத்தும்போது முள் காலில் பாய்ந்து, நஞ்சு உடலுக்குள் செல்கிறது. தாங்க முடியாத வலியும் வீக்கமும் ஏற்படும். சில வேளைகளில் உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

முள் குத்தியவரை உடனே நீரிலிருந்து கரையேற்ற வேண்டும். ஏறக்குறைய 45 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் காலை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். நீரின் சூட்டை மற்றொருவர் முதலில் சோதித்துப் பார்ப்பது அவசியம். தாமதிக்காமல் 999 எண்ணை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இந்நஞ்சை முறிக்கும் மருந்து 1959ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்டது.

பாறை நிறைந்த கடற்கரையில் தடித்த அடிப்பாகமுள்ள காலணி அணியுங்கள். நீருக்குள் கிடக்கும் கல்லை வெறுங்கையால் எடுக்காதீர்கள். அலை வற்றிய பாறைக்குட்டையிலும் கவனம் தேவை. நீரை விட்டு வெளியே இருந்தாலும் கல்மீன் பல மணி நேரம் உயிரோடிருக்கும்.