காரணம் சொல்லாத கடவுள்

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற யாத்ரீகர்கள் நூற்றுக்கணக்கில் சுனாமி அலையோடு போனார்கள். பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை. "மாதா காத்தாள்" என்று எங்கள் பக்கம் பேசாதவர் இல்லை. நானும் மாதா பக்தன்தான். ஆனால் மொட்டை போட்டுவிட்டுக் கடலில் குளிக்கப் போன பிள்ளையைப் பறிகொடுத்தவள் காதில் அது எப்படி விழும்?

பாவத்துக்குத் தண்டனை என்றவர்களும் உண்டு. அவர்கள் லூக்கா 13-ஆம் அதிகாரத்தைப் புரட்டியதில்லை போலும். சிலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தார்கள். மற்றவர்களைவிட அவர்கள் பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்கிறார். உயிரோடிருப்பவர்களைத்தான் மனம் மாறச் சொல்கிறார். கோபுரம் ஏன் விழுந்தது என்பதற்குப் பதிலே இல்லை.

பழைய ஏற்பாட்டில், பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவுக்கும் அப்படித்தான். யோபு நூல் 38-ஆம் அதிகாரத்தில் சூறாவளியிலிருந்து பேசும் கடவுள் கேள்வியாக அடுக்குகிறார். பத்துப் பிள்ளைகளும் ஏன் செத்தார்கள் என்று சொல்லவே இல்லை. ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள் மூவரும் ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்கள். வாயைத் திறந்து விளக்கம் சொன்ன பிறகுதான் கெட்டது. கடவுளுக்காக வாதாடிய அவர்கள்மேல்தான் கடைசியில் கடவுளுக்குக் கோபம். புலம்பித் தீர்த்த யோபு பேசியதே சரி என்கிறார்.

எங்கள் பங்கின் அன்பியக் குழுவில் துக்க வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிவிடுவேன்: "ஆண்டவர் சித்தம்னு ஆரம்பிச்சிடாதீங்க. செபமாலை சொல்லுங்க, அடுப்படியில டீ போட ஆள் இருக்கான்னு பாருங்க."