உஷார்! உங்கள் ஷேருக்கு அமெரிக்காவில் ஒரு வாரிசு

பெருங்குடியில் வேலை, ஓ.எம்.ஆர். நெரிசலில் பாதி ஆயுள், சம்பளத்தோடு கம்பெனி தரும் ஷேராகக் கொஞ்சம் ஆர்.எஸ்.யு. இப்படி இருப்பவரா நீங்கள்? இதை இன்றைக்கே வீட்டில் படித்துக் காட்டுங்கள்.

ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2010-ல் சென்னையில் முளைத்தது. கந்தன்சாவடிப் பக்கம் பெரிய அலுவலகம். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அது டெலாவேர் மாநிலத்தில் பதிவான அமெரிக்கக் கம்பெனி. 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் ஏறியபோது 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று கொண்டாடினோம். சரிதான். யாரும் சொல்லாமல் விட்டது, அந்த ஷேர் எந்த ஊர்ச் சொத்து என்பதை.

அமெரிக்காவில் பதிவான கம்பெனியின் ஷேர் அமெரிக்கச் சொத்து. நீங்கள் விமானமே ஏறாதவராக இருக்கலாம். இறந்தால் அந்நாட்டு எஸ்டேட் வரி வந்து நிற்கும். அமெரிக்கருக்கு 2026 முதல் ஒன்றரைக் கோடி டாலர் வரை விலக்கு. நமக்கு? வெறும் 60,000 டாலர்! அதற்கு மேல் 26 சதவீதத்தில் தொடங்கி 40 வரை ஏறும். 2 லட்சம் டாலர் ஷேர் விட்டுப்போனால் வரி மட்டும் சுமார் 41,800 டாலர். இந்தியா தன் எஸ்டேட் டியூட்டியை 1985-லேயே ஒழித்துவிட்டது. இந்த வரிக்கென்று இரு நாட்டுக்கும் ஒப்பந்தமும் கிடையாது.

பெரும் பணக்காரர்களுக்கு இந்தப் பயமில்லை. சிங்கப்பூரிலோ கேமன் தீவிலோ ஒரு ஹோல்டிங் கம்பெனி, ஷேரெல்லாம் அதன் பெயரில். முதலாளி போனாலும் கம்பெனி சாகாதே! அவர் விட்டுப்போவது கேமன் கம்பெனியின் பங்கைத்தான். முறையாக அமைத்தால் எல்லாம் சட்டப்படி சுத்தம். அதே ஷேர்தான், வக்கீல் ஃபீஸ் கட்ட முடிந்தவர் பிள்ளைக்கு முழுசாகப் போகிறது, டீம் லீடர் பிள்ளைக்கு அறுபட்டுப் போகிறது. எனக்கு வயிறு எரிகிறது.

உங்கள் ஷேர் இருக்கும் புரோக்கர் கணக்கைத் திறந்து பாருங்கள். 60,000 டாலரைத் தாண்டினால் ஆடிட்டரைக் கேட்டு, கொஞ்சம் விற்று இங்கே கொண்டுவரலாம்; லாபத்துக்கு இங்கே வரி உண்டு, மறக்க வேண்டாம். வருமான வரி ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்தைக் காட்டும் ஷெட்யூல் எஃப்.ஏ.வை நிரப்பாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்ச ரூபாய் அபராதம் வரை போகும். வெளிநாட்டு ஷேர், டெபாசிட் மொத்தம் 20 லட்சத்துக்குள் என்றால் 2024 அக்டோபர் முதல் அபராதத்துக்கு மட்டும் விலக்கு. கணக்குக் காட்டத்தான் வேண்டும்.

முக்கியமாக, இப்படி ஒரு புரோக்கர் கணக்கு இருப்பதை வீட்டில் சொல்லிவையுங்கள். அமெரிக்காவில் எஸ்டேட் ரிட்டர்ன் போட 9 மாதம்தான் கெடு. கருமாதி முடிந்து, வாரிசுச் சான்றிதழுக்காகத் தாசில்தார் ஆபீஸுக்கு நடப்பதிலேயே அது கரைந்துவிடும்.